மீன்கல் மதகும் மூடிய விரிசலும்

நீராயி என்ற நீர்நாய், மதகின் வாயில் அடைத்திருந்த இலையையும் பாசியையும் இரண்டு கையாலும் வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அவளுக்கு இதுதான் முதல் வேலை. யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. அந்தக் கரையில்தான், மருத மர வேருக்குக் கீழே, அவளுடைய வளை இருந்தது. வளையில் அயிரை, கெண்டை என்று இரண்டு குட்டிகள்.

மலையடிவாரக் காட்டில் இருந்த ஏரி அது. எந்தக் காலத்து மனிதர்களோ மதகைக் கட்டினார்கள், போய்விட்டார்கள். இரண்டு கல் தூண், நடுவில் ஒரு பலகைக் கல். ஒரு தூணில் மீன் ஒன்று செதுக்கியிருக்கும். தண்ணீர் அந்த மீனின் வாயைத் தொட்டால் ஏரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கோடையில் காடே காய்ந்து கிடந்தாலும் அங்கே ஒரு வாய் தண்ணீர் கிடைக்கும். மான் முதல் மைனா வரைக்கும் அதை நம்பித்தான் பிழைத்தார்கள்.

இலை வாரிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கூட வந்த அயிரையைக் காணவில்லை.

"அயிரை! எங்கடி போனே?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்று சுவருக்குள்ளேயிருந்து குரல் வந்தது.

மதகுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. போன மழைக்கு முன்னால் அதில் ஒரு நத்தை ஓடுதான் நுழையும். நீராயியே ஒன்றைச் செருகிப் பார்த்திருக்கிறாள், இறுக்கமாக நின்றது. இப்போது அதற்குள் குட்டி போய் உட்கார்ந்திருக்கிறது.

வாலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அயிரையின் கையில் அந்த ஓடு இருந்தது. "உன் ஓடு உள்ள விழுந்து கிடந்துச்சும்மா."

நீராயி தண்ணீரைப் பார்த்தாள். இப்போது ஏரியில் தண்ணீர் கீழே கிடக்கிறது. மழை வந்து தண்ணீர் விரிசல் மட்டத்துக்கு ஏறினால் கரை தாங்காது. கரை போனால் வளை போகும், ஏரி போகும், எல்லாம் போகும்.

அந்தச் சமயத்தில்தான் யானை மானியச் செய்தி வந்தது. மலைமேல் இருக்கும் யானைக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டில் உள்ள பழைய கட்டடமோ குகையோ சுனையோ, ஏதாவது ஒன்றைக் காப்பாற்ற, வருஷத்துக்கு எட்டு நாள் உழைப்பைச் சும்மா கொடுப்பார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு இடம்தான். எந்த இடம் என்று பார்த்துச் சொல்வது நாரை அதிகாரியின் வேலை.

ஏரிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். தலைவர் கருமுகன் என்ற கருங்குரங்கு. அவர் மருத மரக் கிளையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அதிகாரி நாளன்னிக்கு வர்றார். இடம் பளிச்சுன்னு இருக்கணும். அந்தச் சுவர் ஓட்டையைப் பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்? கோரையா, உங்க ஆளுங்களை விட்டுச் சேறு வச்சுப் பூசிடு."

கோரையன் காட்டுப்பன்றி. சேறு என்றாலே அவனுக்குச் சந்தோஷம். "பூசிடலாம் தலைவரே. நாணலையும் புடுங்கிடவா? பார்க்க வெளிச்சமா இருக்கும்."

நீராயி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். நாலு பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமே இல்லை. இருந்தாலும் வாயைத் திறந்தாள்.

"நாணல் வேர்தான் கரையைப் பிடிச்சிருக்குங்க. அப்புறம் அந்த விரிசல்..."

"ஏம்மா, நீ இலை வாருறவ" என்றார் கருமுகன். "அதிகாரிங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு எனக்குத் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீராயி மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். நாணலில் பாதியை மட்டும் பிடுங்கியதோடு பன்றிகளுக்குக் கழுத்து வலித்துவிட்டது, அதுவரைக்கும் நல்லது. ஆனால் விரிசலைப் பூசிவிட்டார்கள். நாக்கால் நக்கிச் சமப்படுத்தி, மேலே பாசி ஒட்டி, பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாதபடி செய்துவிட்டார்கள். குரங்குகள் தூணுக்குக் கொன்றைப் பூமாலை கட்டின.

சொன்ன நாளில் நாரை அதிகாரி வந்து இறங்கினார். மெதுவாக ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மதகைச் சுற்றி வந்தார். மீன் கல்லை நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல பழைய வேலை. காட்டில் இதுபோல் இன்னொன்று கிடையாது" என்றார். "இதில் என்ன கெட்டுப் போயிருக்கிறது?"

"கெட்டுப் போறதா? எங்க இடத்துலயா?" கருமுகன் நெஞ்சை நிமிர்த்தினார். "நீங்களே பாருங்க ஐயா. ஒரு கீறல் உண்டா?"

நாரை இன்னொரு முறை சுற்றி வந்தார். "உண்மைதான். ஒரு கீறல் இல்லை. கரடிப் பாறைக் குகையில் கூரையே இறங்கிக் கிடக்கிறது. யானைகள் இந்த வருஷம் அங்கே போகட்டும். நான் வருகிறேன்."

கருமுகனுக்கு முகம் இன்னும் கறுத்துவிட்டது. "ஐயா, நாங்க இவ்வளவு நல்லா வச்சிருக்கோம். நல்லா வச்சிருக்கறவங்களுக்குத்தானே கொடுக்கணும்?"

"நல்லா இருக்கிற காலுக்கு யாராவது பத்துப் போடுவார்களா தலைவரே?"

நாரை சிறகை விரித்தார். உள்ளதைச் சொன்னால் பொய் வெளிப்படும், சொல்லாவிட்டால் மானியம் பறந்துபோகும். கருமுகன் கோரையனைப் பார்த்தார், கோரையன் தரையைப் பார்த்தான்.

நீராயி தன் வளையைப் பார்த்தாள். வளை வாயில் இரண்டு சின்ன மூக்குகள் தெரிந்தன.

இனி யார் சிரித்தால் என்ன என்று நினைத்தாள். ஓடிப்போய் மதகுச் சுவரில் ஏறினாள். பாசியைக் கிழித்தாள். காய்ந்த சேற்றை இரண்டு கையாலும் பிறாண்டித் தள்ளினாள். நகம் ஒடிந்தது. விடவில்லை.

"நீராயி! மானத்தை வாங்காதே, இறங்கு!" என்று கத்தினார் கருமுகன்.

"மானம் மழையில நிக்காதுங்க தலைவரே" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

கடைசிக் கட்டியும் விழுந்தது. விரிசல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நாரை சிறகை மடக்கிக்கொண்டு வந்தார். ஒரு காலை உள்ளே விட்டு அளந்தார். முட்டி வரைக்கும் போனது.

"இது எப்போதிருந்து இருக்கிறது அம்மா?"

நீராயி சுவரிலிருந்து குதித்தாள். வளைக்கு ஓடி நத்தை ஓட்டை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினாள். பொருளைக் கையில் பிடித்ததும் பேச்சு தானாக வந்தது.

"போன மழைக்கு முன்ன இந்த ஓடு இதுல இறுக்கமா நின்னுச்சுங்க ஐயா. இப்ப என் புள்ளையே உள்ள போய் உட்காருறா. அடுத்த மழையில கரை நிக்காது."

"பூசி மறைத்தது யார்?"

கோரையனின் மூக்கில் மட்டும் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. நாரை அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி. கடைசியாக ஒரு கேள்வி. யானைகள் எட்டு நாளில் போய்விடும். அதற்கப்புறம் இதை யார் பார்த்துக்கொள்வது?"

"அதுக்கு அடுத்த வருஷமும் மானியம் கேட்டு..." என்று ஆரம்பித்தார் கருமுகன். நாரை பார்த்த பார்வையில் மிச்சத்தை மறந்துவிட்டார்.

"நான் தினமும் இலை வாருறேனுங்க" என்றாள் நீராயி. "இனியும் வாருவேன். ஆனா ஒருத்தியால ஆகாது. புடுங்கின நாணலை மறுபடி நடணும். குரங்குங்க கரையில முளைக்கிற ஆலங்கன்றைக் கிள்ளணும், வேர் விட்டா கல்லைப் பிளந்துடும். கோரையன் அண்ணன் வீட்டுல எல்லாரும் கரையில கிழங்கு தோண்டாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுதுங்க."

கூட்டம் குபீரென்று சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோரையன் காதை மடக்கிக்கொண்டான். "இனிமே தோண்டலை தங்கச்சி. நாணலை நானே நடுறேன். புடுங்கினவனுக்குத்தானே எங்க இருந்துச்சுன்னு தெரியும்."

கருமுகன் கிளையிலிருந்து கீழே இறங்கினார். அவர் தரையில் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. "கன்று கிள்ளுறது எங்க பொறுப்பு" என்று மெல்லச் சொன்னார்.

யானைகளிடம் காட்ட, நாரை நத்தை ஓட்டை அலகில் எடுத்துக்கொண்டு மலைக்குப் பறந்தார்.

மூன்று நாள் கழித்து மரங்கள் அசைந்தன. யானைகள் வந்துவிட்டன. விரிசலுக்குள் சரிந்திருந்த கல்லைத் துதிக்கையால் தூக்கி, பழைய கல் இருந்த அதே இடத்தில் பழைய கல்லையே வைத்தன. விரிசலில் சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துக் குழைத்து இட்டன. கரையை மிதித்து மிதித்து இறுக்கின. மீன் கல்லை மட்டும் யாரும் தொடவில்லை. பின்னால் நாணல் கட்டைத் தூக்கிக்கொண்டு பன்றிகள் வரிசையாக நடந்தன.

ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. தண்ணீர் ஏறி, ஏறி, மீனின் வாயைத் தொட்டு நின்றது. கரை அசையவில்லை. நீராயி அன்றைக்கும் இலைதான் வாரிக்கொண்டிருந்தாள். கூட ஏழெட்டுக் குரங்குகள் கை கொடுத்தன.

மழை விட்டதும் எல்லாரும் கரையில் கூடினார்கள். "நீராயி ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் கருமுகன். அவள் ஈரக் கையை வயிற்றில் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணுதான் தெரியும். விரிசலை மூடி வைக்கிறவங்களுக்கு உதவி வராது. திறந்து காட்டி, கூடவே தன் கையையும்..."

"அம்மா! கெண்டை நீந்தத் தெரியாமலே தண்ணியில இறங்கிட்டான்!" என்று வளையிலிருந்து அயிரை கூப்பிட்டாள்.

நீராயி தொப்பென்று ஏரியில் குதித்துவிட்டாள்.

அவள் விட்டதை நாம் முடித்துக்கொள்ளலாம்: குறையை மூடி மறைப்பவனைத் தேடி வந்த உதவியும் திரும்பிப் போகும், குறையைத் திறந்து காட்டித் தன் கையையும் கொடுப்பவனிடமே அது தங்கும்.