சட்டைப் பையில் மூன்று நாள்

கடல் ஊருக்குள் வந்து போய் நான்கு நாளாகியிருந்தது. பூவந்துறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அழுவதற்குக்கூட ஆட்களுக்குத் தெம்பில்லை. புயல் வடக்கே கரையேறும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடி புயல் வடக்கேதான் போனது. கடல் மட்டும் இங்கே வந்துவிட்டது.

ஏழு குப்பங்கள் போயின. மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், மாதா கோயில், மீன் ஏலக்கூடம் என்று பதினோரு இடங்களில் தங்கியிருந்தார்கள். மேட்டில் இருந்த மடத்தில் மட்டும் தண்ணீர் ஏறவில்லை.

மடத்தை நடத்திவந்தவர் தையல்நாயகி அம்மாள். நாற்பத்து மூன்று வயது. அதிகம் பேசமாட்டார். அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. சென்னையில் ஒரு வங்கியில் முப்பது வருஷம் செக் கிளியரிங் பிரிவில் இருந்தவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை ஐயா என்பார்.

அன்று காலை தெய்வசிகாமணி ஒன்றைப் பார்த்தார். கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு ஆள் மனைவியைத் தேடி ஏலக்கூடத்துக்கு நடந்து போனான். அவள் அவனைத் தேடி ஏலக்கூடத்திலிருந்து வாய்க்கால் கரை வழியாக மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் போன இடத்தில் ஒரே பதில்தான் கிடைத்தது: இப்பத்தான் கிளம்பிப் போனாங்க. இருவரும் திரும்ப நடந்தார்கள், மறுபடியும் வேறு வேறு வழியில்.

இதை மடத்தில் வந்து சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது.

நாற்பது வங்கி இருந்தால் ஒவ்வொன்றும் மற்ற முப்பத்தொன்பது வாசலுக்கும் ஆள் அனுப்ப முடியாது, அதனால் நாற்பது பேரும் குறித்த நேரத்தில் ஒரே கூடத்துக்கு வருவார்கள் என்றார். அவரவர் கையில் இருக்கும் அடுத்தவர் செக்கை மேஜையில் வைப்பார்கள். தங்கள் பேருக்கு வந்ததை எடுத்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

"அந்தக் கூடத்துக்குன்னு விதி ஏதாவது உண்டா?" என்று அம்மாள் கேட்டார்.

"ஒண்ணுதாம்மா. கூடம் எதையும் வெச்சுக்கக் கூடாது. வந்தது அன்னைக்கே போயிடணும்."

அம்மாள் எழுந்து போய் பந்தி நடக்கும் கூடத்தைத் திறந்துவிட்டார். நீளமான மர மேஜை ஒன்றைத் தானே ஒரு பக்கம் பிடித்து நடுவில் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க ஐயா" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. தேடுகிறவர்கள் வெள்ளைச் சீட்டில் எழுதினார்கள். யாரையாவது கண்டெடுத்தவர்கள் மஞ்சள் சீட்டில் எழுதினார்கள். பதினோரு முகாம்களிலிருந்தும் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்தும் தினமும் நண்பகலில் கட்டுகள் வந்தன. தெய்வசிகாமணி இரண்டையும் பரப்பி வைத்து ஜோடி சேர்த்தார். முதல் நாளே அறுபத்து நான்கு சேர்ந்தது. மண்டபத்து ஆளும் அவன் மனைவியும் அதில் ஒரு ஜோடி. ஒரு மஞ்சள் சீட்டில், ஆண் குழந்தை, பெயர் தெரியாது, எது கேட்டாலும் பப்பி என்கிறது என்று எழுதியிருந்தது. ஒரு வெள்ளைச் சீட்டில் பையனின் அடையாளமெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், நாயையும் காணோம், பெயர் பப்பி என்று இருந்தது.

கடல் வந்த ஆறாம் நாள் வேறு வகைச் சீட்டுகளும் வந்தன. ஒரு முகாமில் பால் பவுடர் மூட்டை மூட்டையாகக் கிடந்தது, சர்க்கரை நோய்க்கு ஊசி மருந்து இல்லை. ஊசி மருந்து இருந்த முகாமில் அடுப்பு இல்லை. அடுப்பு இருந்த முகாமில் குழந்தைகளுக்குப் பால் இல்லை. மூன்று பேரும் மூன்று பக்கம் வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணி மூன்று சீட்டையும் வட்டமாக வைத்துப் பார்த்து, ஒரே வண்டியை மூன்று இடத்துக்கும் ஒரு சுற்று அனுப்பினார்.

வடக்குக் குப்பத்துக்கும் தெற்குக் குப்பத்துக்கும் வலை போடும் எல்லையில் பழைய சண்டை. தெற்குக்காரர்கள் படகு கேட்டபோது வடக்கிலிருந்து வந்த பெரியவர், அவங்களுக்குக் குடுக்க மாட்டோம், மடத்துக்கு வேணும்னா குடுக்கறோம் என்றார். மடம் வாங்கிக்கொண்டது. அரை மணி நேரத்தில் அந்தப் படகு தெற்கே போனது. அவருக்கும் அது தெரியும். ஆனால் அவர் கொடுத்தது மடத்துக்கு.

தனபாக்கியம் வந்தது ஐந்தாம் நாள். புருஷன் இல்லாதவள். ஒரே மகள், பதினோரு வயது. வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: பச்சைப் பாவாடை, இடது புருவத்தில் தழும்பு. கொடுத்துவிட்டுப் போகவில்லை. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சீட்டுக்குத் தாள் வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். ஏழாம் நாள் காலையில்தான் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்க வைத்தார்.

அன்று நண்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டு வந்தது. சிறுமி, வயது பத்து அல்லது பதினொன்று, உயிரில்லை. பச்சைப் பாவாடை. நெற்றியில் இடப்பக்கம் தழும்பு.

தெய்வசிகாமணி நிமிர்ந்தார். எதிரில் தனபாக்கியம் கத்தரிக்கோலால் தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சி குடித்த கிண்ணம் அவள் பக்கத்திலேயே இருந்தது.

அவர் கை தானாகப் போய் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தது. இன்னும் ஒரு வேளை சாப்பிடட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மறுநாள் அவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சட்டை மாற்றும்போது சீட்டையும் எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீட்டுக் கட்டுக்குள் ஒரு பட்டியல் இருந்தது. யாரும் கேட்டு வராததால் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியல். அதில் ஒரு வரி: சிறுமி, பச்சைப் பாவாடை, நேற்று மாலை அடக்கம், கழுத்தில் கிடந்த மாதா படம் பொறித்த சுரூபம் அலுவலகத்தில் உள்ளது.

தெய்வசிகாமணி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தனபாக்கியத்தின் நெற்றியில் திருநீறு இருந்தது.

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். அன்று அவர் மூன்று வரிதான் படித்திருந்தார். கீழே பென்சிலில் இன்னும் இரண்டு வரி இருந்தன. கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். ஒன்பதாம் நாள் நண்பகல் வரை வைத்திருப்போம்.

வெள்ளைச் சீட்டுக் கட்டைப் பிரித்தார். அவர் அன்று ஜோடி கிடைத்துவிட்டது என்று நிறுத்திய இடத்துக்கு நாலைந்து சீட்டு தள்ளி அது இருந்தது. ஆரோக்கிய நிர்மலா, பதினோரு வயது, பள்ளிக்கூடத்துப் பச்சைப் பாவாடை, கழுத்தில் சுரூபம். தேடுபவர் தகப்பன், மரியசூசை.

பச்சைப் பாவாடை அந்தக் கரை முழுக்கப் பள்ளிச் சீருடை. வீட்டிலும் பிள்ளைகள் அதையே போட்டிருக்கும். இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை.

மரியசூசையையும் அவருக்குத் தெரியும். ஏழாம் நாள் காலையிலிருந்து முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். கட்டு வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். பேர் கூப்பிடாவிட்டால் திரும்ப உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை தெய்வசிகாமணிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தெய்வசிகாமணி எழுந்து அம்மாளிடம் போனார். இரண்டு சீட்டையும் நீட்டினார். நடந்ததைச் சொன்னார்.

அம்மாள் படித்துப் பார்த்தார்.

"அவ அன்னைக்குத்தாம்மா வாயில ஒரு பருக்கை வெச்சிருந்தா. இரக்கப்பட்டுத்தான் வெச்சேன். இரக்கப்பட்டது தப்பா?"

"யாருக்கு இரக்கப்பட்டீங்க?"

"தனபாக்கியத்துக்கு."

"சீட்டு யாருக்கு வந்தது?"

அவர் கண் முற்றத்துத் தார்ப்பாய்ப் பக்கம் போனது.

"ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. நீங்களே படிங்க, எல்லா வரியும். எந்த நாள் வந்ததுன்னும் சொல்லுங்க" என்றார் அம்மாள்.

இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். தெய்வசிகாமணி படித்தார். ஏழாம் நாள் வந்தது, தனபாக்கியத்தின் மகள் என்று தப்பாக நினைத்துவிட்டேன் என்றார். நேற்று மாலை அடக்கமாகிவிட்டது என்றார்.

மரியசூசை உடனே அழவில்லை. சரியாகக் காதில் விழாதவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு நாளா எங்க இருந்துச்சு ஐயா?"

"என் சட்டைப் பையில."

மரியசூசை அந்தப் பையைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். இருபதடிகூட இருக்காது.

"இங்க வர்றதுக்கு முன்ன நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். எல்லாச் சீட்டும் மடத்துக்குத்தான் போகுது, அங்க போய் உக்காருன்னாங்க" என்றார். "உக்காந்திருந்தேன்."

அவர் மனைவி கால் ஒடிந்து மாதா கோயில் முகாமில் படுத்திருந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வது என்று அவர் யாரையோ கேட்டார்.

தனபாக்கியத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. செத்தது தன் மகள் இல்லை என்று தெரிந்த அந்தக் கணம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மரியசூசை அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தது தெரிந்ததும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூடிய முகத்தோடேயே பேசினாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா. ஓடிப் போய்ப் பார்த்திருப்பேன். பார்த்த உடனே என் புள்ளை இல்லன்னு சொல்லியிருப்பேன். அப்ப இவரு பார்த்திருப்பாருல்ல."

தெய்வசிகாமணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மரியசூசை திட்டுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தார். அடி விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். மரியசூசை தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். தனபாக்கியம் செருப்பைக்கூடத் தேடாமல் அவர் பின்னால் போனாள்.

அடக்கம் செய்த இடத்தில் பெயர் இல்லை, எண் மட்டும்தான் இருந்தது என்று பிறகு தெரியவந்தது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் சுரூபத்தை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மாதா கோயில் சாமியார் வந்து ஜெபம் சொன்னார். மரியசூசை ஈர மணலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார். பெற்றவளால் வர முடியவில்லை. அழுவதற்குப் பெண்பிள்ளை ஒன்று வேண்டும் என்று தனபாக்கியம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், முன்பின் பார்த்திராத அந்தப் பிள்ளைக்காக.

மறுநாள் தெய்வசிகாமணி மேஜையில் உட்காரவில்லை. தூண் ஓரமாக நின்றார். நண்பகலில் கட்டுகள் வந்தன. முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தனபாக்கியம் தன் இடத்தில் உட்கார்ந்து தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் அம்மாளிடம் போய், வேறு யாரையாவது உட்கார வையுங்கள் என்றார். இந்தக் கை இனி ஒரு சீட்டையும் தொடக் கூடாது என்றார். ஊரை விட்டே போய்விடுகிறேன் என்றும் சொன்னார்.

அம்மாள் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டு அவர் கையில் இருந்தது. சணல் கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"நேத்து சாயங்காலம் தனபாக்கியத்துக்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றார். "உன் மகளைப் பத்தி என்னைக்காவது ஒரு மஞ்சள் சீட்டு வந்தா, உனக்கு யார் படிச்சுச் சொல்லணும்னு கேட்டேன்."



அம்மாள் கட்டை அவர் கையில் வைத்தார்.

"உங்க பேரைத்தான் சொன்னா."