சொட்டாத எண்ணெய்ச் செம்பு

நெடுங்குன்றத்து அரண்மனை என்னை வைத்துக்கொண்டது என் தமிழுக்காக என்று நான் சொல்லிக்கொள்வேன். சமையற்கட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். புலவர் உமைதாணு சபைக்குத் தாமதமாக வந்தது உண்டு, பந்திக்கு வந்தது இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பிழைகூட என்னால் காட்ட முடியாது.

ஒருநாள் மன்னர் மாறவேள் விடியுமுன் வேட்டைக்குக் கிளம்பினார். தீவட்டிக்காரர்கள் விளக்கெண்ணெயைச் செம்பில் கொண்டுபோனார்கள். செம்பு ஒழுகியது. பக்கத்தில் இருந்த மன்னரின் கட்டுச்சோற்றில் எண்ணெய் நன்றாக ஊறிவிட்டது. பசியில் மன்னர் அதையே சாப்பிட்டுவிட்டார். பிறகு அன்று முழுவதும் புதர் புதராகத் திரிந்தார். வேட்டைக்காக அல்ல.

மறுநாள் பந்தியில், மன்னர் இத்தனை வேகமாக ஓடியதை நான் பார்த்ததே இல்லை என்று நான் சொன்னேன். பந்தி சிரித்தது. பண்டகசாலை அதிகாரி அனவரதம் மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய் மன்னரிடம் சொல்லிவிட்டார். அதோடு நில்லாமல் ஒரு யோசனையும் கொடுத்தார். இவ்வளவு கெட்டிக்காரரான புலவரே ஒழுகாத ஒரு செம்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டுமே என்றார்.

மன்னருக்கு வயிறு இன்னும் சரியாகவில்லை. உடனே ஒப்புக்கொண்டார். மலைக்கோயில் திருவிழாவுக்குப் புறப்படுமுன் சபையில் செம்பைச் சோதிப்பார்களாம். ஒரு சொட்டு வெளியே வந்தாலும் அரண்மனைப் பந்தியில் எனக்கு இனி இலை கிடையாது.

தலையை எடுப்பதாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மன்னர் என்னை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

நான் படித்தவன் அல்லவா, முறையாகத் தொடங்கினேன். ஒழுகுதலை வகைப்படுத்தினேன். வாயால் ஒழுகுவது, மூட்டால் ஒழுகுவது, அடியால் ஒழுகுவது, உடம்பெல்லாம் வியர்ப்பது. வீட்டுக் கூடத்தில் பாத்திரங்களில் எண்ணெய் நிரப்பி வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு வகைக்கும் ஒரு செய்யுள் எழுத உட்கார்ந்தேன். மண்கலயம் வியர்த்தது. தோல்பையின் தையல் கசிந்தது. மூங்கில் குழாய் வெயிலில் வெடித்தது. மூன்றாவது செய்யுளுக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தபோது எண்ணெய் ஓடிவந்து முதல் இரண்டையும் நனைத்துவிட்டது. என் மனைவி ஓலையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இப்போதுதான் இதில் ஏதோ சாரம் இருக்கிறது," என்றாள்.

சோதனைக்கு முதல்நாள் மத்தியானம், கடைசிச் சாப்பாடு என்ற துக்கத்தோடு பந்தியில் உட்கார்ந்தேன். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. அடுத்து நடந்ததைப் பார்த்தவுடன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று பந்தியே முடிவுகட்டியது. நான் பரிமாறுபவரைத் தனியே அழைத்துக் காதில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு பொருளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் அதைக் கழுத்துவரை கயிறு சுற்றிச் சபைக்குக் கொண்டுபோனேன். மூக்கு வைத்த பித்தளைச் செம்பு. திருகுமூடி. எண்ணெயை நிரப்பி மூடினார்கள். அடியில் வெள்ளைத் துணி கட்டிக் குதிரைமேல் ஏற்றினார்கள். குதிரை முற்றத்தைச் சுற்றி ஓடியது. துணி வெள்ளையாகவே இருந்தது. அனவரதத்துக்குத் திருப்தி இல்லை. அவரே செம்பை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். உலுக்கினார். மூக்கின் கீழே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது.

"என்ன அனவரதம்?" என்றார் மன்னர்.

"ஒரு சொட்டும் வரவில்லை அரசே," என்றார் அவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதைச் செய்தவன் கைகாரன்."

"புலவரே, இதை எங்கே பிடித்தீர்?"

நான் கயிற்றை அவிழ்த்தேன். பித்தளையில் அரண்மனை முத்திரை தெரிந்தது. அனவரதத்தின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"உங்கள் அரண்மனையில்தான் அரசே. புலவர் பந்தியில் நெய் பரிமாறுவது இதில்தான். ஒவ்வோர் இலைக்கு முன்னும் இதைப் பயபக்தியோடு கவிழ்ப்பார்கள். நாங்களும் பயபக்தியோடு சோற்றில் குழி செய்து வைத்திருப்போம். இன்றுவரை ஒரு சொட்டு விழுந்ததில்லை. இத்தனை வருஷம் சோதிக்கப்பட்ட பாத்திரம் வேறு எங்கே கிடைக்கும்?"

மன்னர் செம்பை வாங்கி மூக்குக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். உள்ளே அரக்கு வைத்து அழகாக அடைத்திருந்தது. புலவர்களுக்காக மாதந்தோறும் பண்டகசாலையிலிருந்து கிளம்பிய நெய் யார் வீட்டுக்குப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. அனவரதத்தின் வயிற்றை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் ஏன் ஐயா வாயைத் திறக்கவில்லை?"

"திறந்திருந்தேன் அரசே, சோற்றுக்கு. நெய்யைக் கேட்கப் போய் இலையும் போய்விட்டால் என்ன செய்வது?"

மன்னர் சிரித்தார். வேட்டைக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தது அன்றுதான். அரக்கை எடுத்துவிட்டு மூக்குக்கு ஒரு மரத்தக்கை செய்யச் சொன்னார். செம்பு தீவட்டிக்காரர்களுக்குப் போயிற்று. அதை மலையேற்றம் முழுவதும் தலையில் சுமக்கும் பொறுப்பு அனவரதத்துக்கு. எனக்குப் பந்தியில் முதல் இலை. அதோடு, நெய்க்குப் புதுப் பாத்திரம் வாங்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்.

"செம்பு தேர்ந்தெடுப்பதில் நீர்தான் நிபுணர். இதற்கு எப்படிப்பட்ட பாத்திரம் வேண்டும், சொல்லும்."

"எதுவானாலும் சரி அரசே," என்றேன். "ஓட்டையாக இருந்தால் நல்லது."