மொட்டைப் பவளம்

சிங்கப்பூர் யீஷூன் வட்டாரத்தில் மாசிலாமணி என்று ஒருவர் இருந்தார். பேருந்து ஓட்டுவது அவருக்கு வேலை. வீட்டில், கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிப் பவளம் வளர்த்தார். ஒன்றை வெட்டிப் பலவாக்கும் வித்தை அவர் கைக்குப் படிந்திருந்தது.

அதைக் கற்றுக்கொள்ள வந்தவர் சௌந்தரவல்லி. அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பள்ளி உணவகத்தில் இருபது வருடம் சமைத்து ஓய்வுபெற்றவர். மாசிலாமணி அவரை அக்கா என்பார். அவர் மாசிலாமணியைக் குருவே என்பார், பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும்.

சௌந்தரவல்லியிடம் இருந்தது ஒரே ஒரு தோல் பவளம். கல்லாக இறுகாத, மெத்தென்ற வகை. பாறையில் ஒட்டிய தடித்த தண்டு. அதன்மேல் குடையாக விரிந்த தலை. தலை நிறையப் பொன்னிறத்தில் மிகச் சிறிய விரல்கள். கட்டைவிரல் அளவில் வந்தது, ஐந்து வருடத்தில் சோற்றுத் தட்டு அளவாகியிருந்தது.

அவர் மகள் மாதங்கி பொங்கோல் வட்டாரத்தில் சொந்த வீடு வாங்கிக் குடிபோனாள். போகும்போது கேட்டது ஒன்றுதான்.

"மா, அதுல ஒரு துண்டு எனக்கு வேணும்."

வெட்ட உட்கார்ந்த அன்று சௌந்தரவல்லி கத்தியை எடுத்து, அப்படியே கீழே வைத்துவிட்டார். குருவை வரவழைத்தார்.

"எவ்வளவு வெட்டணும், அக்கா?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "இவ்வளவு போதும். ஓரமா, வெளிய தெரியாத இடமாப் பார்த்து."

"பொண்ணுக்கா? பக்கத்து வீட்டுக்கா?"

"கேலி பண்ணாதீங்க. அவ தொட்டி புதுசு, தண்ணி இன்னும் பழகல. பெருசாக் குடுத்து அது செத்துப்போச்சுன்னா? அவளும் தனி வீடு போயிட்டா. இந்த வீட்டுல அசையறது இது ஒண்ணுதான்."

"அப்போ நீங்களே வெட்டுங்க."

"என்னால ஆகாது. நீங்க வெட்டுங்க. நான் பார்க்க மாட்டேன்."

"நான் வெட்டினா என் இஷ்டத்துக்குத்தான் வெட்டுவேன்."

"குரு செஞ்சா எல்லாம் சரிதான்" என்று சொல்லிவிட்டு, சௌந்தரவல்லி தேநீர் போட சமையலறைக்குள் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது தொட்டியில் தண்டு மட்டும் நின்றது. தலை முழுவதும் ஒரு வாளியில் கிடந்தது. மாசிலாமணி அதைச் சின்னப் பாறைத்துண்டு ஒன்றின்மேல் வைத்து ஊசிநூலால் தைத்துக்கொண்டிருந்தார், சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல.

"ஐயோ! நகம் அளவுதானே சொன்னேன்!"

"ஆமா, சொன்னீங்க."

"நல்லதையெல்லாம் அவளுக்குக் குடுத்துட்டு எனக்கு இந்த மொட்டைக் கட்டையா?"

"மொட்டை போட்டா முளைக்காதா? டீயைக் குடுங்க, ஆறுது."

அன்று மாலையே மாதங்கி வந்து வாளியை மடியில் வைத்தபடி டாக்சியில் கொண்டுபோனாள்.

தண்டு சுருங்கியது. அதன்மேல் கோழை படர்ந்தது. சௌந்தரவல்லி பாறையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் நிழலுக்குத் திருப்பினார். மெல்லிய தூரிகையால் கோழையை வழித்துவிட்டார். குருவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கையை வெளிய எடுங்க, அக்கா."

"நான் எங்க கை வச்சேன்?"

"தண்ணி சத்தம் கேக்குதே."

ஒன்பதாம் நாள், வேலை முடிந்த மாசிலாமணி சீருடையோடு நேரே வந்தார். சௌந்தரவல்லி தேநீர் தரவில்லை. தொட்டியை மட்டும் காட்டினார். தண்டு சாம்பல் நிறத்தில், உள்ளங்கையை மூடியதுபோல இருந்தது.

மாசிலாமணி பேச வாயெடுத்தபோது மேசைமேல் இருந்த கைப்பேசி ஒலித்தது. மாதங்கி. சௌந்தரவல்லி ஒலிபெருக்கியில் போட்டார்.

"மா, அது மறுபடியும் கல்லைவிட்டு விழுந்துடுச்சு. மூணாவது தடவை நானே தைச்சிருக்கேன். விரல் ஒண்ணுகூட வெளிய வரல. நான் அதைக் கொன்னுடுவேன்போல இருக்கு மா. பேசாம அங்கேயே எடுத்துட்டு வந்துடட்டுமா?"

சௌந்தரவல்லி குருவை முறைத்தார்.

"கேட்டீங்களா? நகம் அளவு குடுத்திருந்தா, அது போனாலும் இது முழுசா இங்க இருந்திருக்கும். இப்போ ரெண்டும் போகுது. எடுத்துட்டு வரட்டும். இது அது வளர்ந்த தண்ணி. இங்க பிழைச்சுக்கும்."

மாசிலாமணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே வந்தார்.

"அக்கா, கையை உள்ள விடுங்க."

"நீங்கதானே விடாதீங்கன்னீங்க?"

"இப்போ விடுங்க. இந்தத் தண்டைப் பிடிச்சு இழுங்க."

"பிஞ்சு வந்துடும்."

"இழுங்க."

அவர் விரல்களால் பற்றி மெல்ல இழுத்தார். தண்டு வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அடியிலிருந்த பாறை, மணலைக் கலக்கிக்கொண்டு, தண்டோடு சேர்ந்து மேலே எழும்பியது. பயந்துபோய் அதை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்தார்.

"வரலையே" என்றார்.

"இதுக்குக் கால் இருக்கு, அக்கா. தலை போனாலும் நிக்கும். அவகிட்ட இருக்கறதுக்குக் கால் இனிமேதான் முளைக்கணும். அதுவரைக்கும் தாங்கறதுக்குத்தான் அவ்வளவு பெரிய தலையைக் குடுத்தேன்."

மேசைமேல் கைப்பேசி வெளிச்சமாகவே இருந்தது. மாதங்கியும் கேட்டுக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லி ஈரக் கையோடு கைப்பேசிப் பக்கம் குனிந்து, "எடுத்துட்டு வராதே, அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.