கௌதாரி நடந்தே ஜெயித்த ஆட்டம்

அந்தக் காலத்தில், பிராணிகள் எல்லாம் வாய் ஓயாமல் பேசித் திரிந்த நாட்களில், ஓணான் தலையை ஆட்டவே ஆட்டாது. நம்பினால் நம்புங்கள். வேலி முள்ளின்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆடுவதெல்லாம் வால்தான். அந்த வாலுக்கோ அப்படியொரு வலு. இலந்தைக்காயைச் சுருட்டி வீசினால் காய் போனதே கண்ணுக்குத் தெரியாது.

அந்த வாலை வைத்துத்தான் அது மரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் ஜெயித்துக் கொடுத்தது. காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு ஊற்று. முதலில் குடிக்கிறவருக்குத் தெளிந்த நீர், பிறகு வருகிறவருக்குச் சேறு. அடித்துக்கொண்டு சாக வேண்டாமென்று ஆட்டம் ஆடி முடிவு செய்தார்கள். மரத்தில் வாழ்கிறவர்கள் ஒரு பக்கம், தரையில் வாழ்கிறவர்கள் மறுபக்கம்.

ஆட்டம் இதுதான். மணலில் சதுரமாக நான்கு கற்கள், நடுவில் ஒரு மண்மேடு. மேட்டில் நிற்பவர் இலந்தைக்காயை வீசுவார், வீட்டுக்கல்லில் நிற்பவர் குச்சியால் அடிப்பார். அடித்தவர் கல் கல்லாக ஓடிச் சுற்றி வீடு திரும்பினால் ஒரு ஓட்டம். கல்லின்மேல் இருக்கிறவரை யாரும் தொட முடியாது. கல்லை விட்டவரைக் காயோடு தொட்டுவிட்டால் அவுட். அடிப்பவரைப் பார்த்துக் காய் வீசப்படும் நேரத்தில், கல்லில் இருப்பவர் அடுத்த கல்லுக்குத் திருட்டு ஓட்டம் ஓடலாம்.

இதில்தான் ஓணான் தன் வேலையைக் காட்டியது. அடிப்பவரைப் பார்த்து வாலை ஓங்கும். வீசப்போகிறது என்று கல்லில் இருப்பவர் கிளம்புவார். பாதியில் வாலை நிறுத்தி, சட்டென்று திரும்பி, கல்லருகே காத்திருக்கும் அணிலிடம் காயை எறிந்துவிடும். அணில் சிரித்துக்கொண்டே தொடும். முயல், கீரி, உடும்பு என்று ஒருவர் பாக்கியில்லாமல் இப்படி ஏமாந்தார்கள்.

கௌதாரிக்கு அந்தக் கோடையில் பொறுக்கவில்லை. அதன் குஞ்சுகள் சேற்றைக் குடித்து வயிறு கெட்டுக் கிடந்தன. கடைக்குட்டிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. மறுநாள் கத்திரி வெயில் தொடங்குகிறது. அதற்கு முன் நடக்கும் இந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பவர்களுக்குக் கத்திரி முடியும்வரை ஊற்று என்று பேச்சு. தோற்றால் கடைக்குட்டி பிழைக்காது. அது கௌதாரிக்குத் தெரியும்.

ஆனால் அது அழவில்லை. அழுதால் தண்ணீரா வரும்? நேரே நடுவரான கொக்கிடம் போய் நியாயம் கேட்டது. கொக்கு நல்லவர்தான். ஓணான் செய்வது தனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் விதியில் இல்லாத குற்றத்துக்கு எப்படித் தண்டனை தருவது என்று கேட்டார். "அப்படியானால் விதியை இன்றைக்கே போடுவோம் அய்யா" என்றது கௌதாரி.

எல்லோரையும் கூட்டி வைத்து அதுவே விதியைச் சொன்னது. கல்லில் ஆள் இருக்கும்போது, வீசுகிறவர் வீசுமுன் ஒரு மூச்சு நேரம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அடிப்பவரை நோக்கி அசைந்துவிட்டால் வீசியே தீர வேண்டும். ஓடுபவரைப் பிடிக்க ஆசையா? அந்தக் கல்லைப் பார்த்துக் காலை வைத்து நேராக எறியட்டும். மனம் மாறிவிட்டதா? அசையத் தொடங்குமுன்பே மேட்டிலிருந்து பின்பக்கமாக இறங்கிவிடட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. தொடங்கிவிட்டு நிறுத்தினால் மட்டும், கல்லில் இருக்கும் எல்லோருக்கும் அடுத்த கல் சும்மா கிடைக்கும்.

ஓணானுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் யாரையும் ஏமாற்றியதே இல்லையாம், வேண்டுமானால் வேலியைக் கேட்டுப் பார்க்கலாமாம். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி! கூட்டம் சிரித்ததும் அதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனி நான் பொய்யாக ஒரு முறை அசைந்தாலும், என் தலை ஒருநாளும் ஒரு நிலையில் நிற்காமல் போகட்டும்" என்று வேலி முள்ளைத் தொட்டுச் சத்தியம் செய்தது.

யார் கேட்டார்கள் சத்தியத்தை? வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

ஆட்டம் கடைசிவரை இழுத்தது. ஓட்டம் சமம். சமமாகவே முடிந்தால் ஊற்று பழையபடி மரத்துக்காரர்களுக்கு. கௌதாரி மூன்றாம் கல்லில் நின்றது, வீட்டுக்கல் ஒன்றுதான் பாக்கி. அடிக்க வந்த கடைசி ஆள் முயல். அது அன்று ஒரு காயைக்கூடக் குச்சியால் தொட்டதில்லை. முயலை நம்பினால் ஆகாது என்று கௌதாரிக்குப் புரிந்தது. ஓணானை நம்பலாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா?

ஓணான் மேட்டில் ஏறி ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. சரியாகத்தான் நின்றது. முயலைப் பார்த்து வாலை ஓங்கியது. அந்த நொடியில் கௌதாரி ஓடப்போவது போல ஒரு காலைத் தூக்கியது.

அவ்வளவுதான். ஓங்கிய வால் பாதியில் நின்றது. ஓணான் தன்னை மறந்து மூன்றாம் கல் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே கௌதாரி தூக்கிய காலை மெதுவாகக் கல்லின்மேலேயே வைத்தது. காய் இன்னும் ஓணானின் வாலில்தான் இருந்தது.

கொக்கு சிறகை விரித்து வீட்டுக்கல்லைக் காட்டினார்.

"அவளும்தானே ஏமாற்றினாள்!" என்று ஓணான் கத்தியது.

"ஏமாற்றினாள். ஆனால் காய் உன்னிடம் அல்லவா இருக்கிறது? கையில் காய் இருப்பவனுக்குத்தான் கட்டுப்பாடு" என்றார் கொக்கு.

கௌதாரி ஓடவில்லை. ஓட என்ன அவசரம்? கோழி மேய்வது போல ஒவ்வொரு அடியாக நடந்து, வீட்டுக்கல்லில் ஏறி நின்றது. பிறகுதான் ஓடியது, ஊற்றுக்கு. அலகு நிறையத் தெளிந்த நீரைக் கொண்டுபோய்க் கடைக்குட்டியின் வாயில் விட்டது. குஞ்சு கண்ணைத் திறந்து, இன்னும் வேண்டும் என்று கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கௌதாரிக்கு அழுகை வந்தது.

அங்கே மேட்டில் ஓணான், "நான் அசையவே இல்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. சொல் வருமுன் தலை ஆடிவிட்டது. மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம். நிறுத்தப் பார்த்தால் இன்னும் வேகமாக ஆடியது. வெட்கத்தில் கழுத்தெல்லாம் சிவந்து போயிற்று.

அன்று முதல்தான் ஓணான் வேலிக்கு வேலி கழுத்துச் சிவக்கத் தலையாட்டிக்கொண்டு திரிகிறது. இதே ஆட்டத்தை மனிதர்கள் பேஸ்பால் என்று ஆடுகிறார்களே, அதில் பந்து வீசுகிறவர் மேட்டில் ஒரு மூச்சு நேரம் சிலையாக நிற்பதும், அவர் பொய்யாக அசைந்துவிட்டால் கல்லில் நிற்பவர் ஓடாமல் நிதானமாக அடுத்த இடத்துக்கு நடந்து போவதும் அன்று முதல்தான்.