நீங்களே எழுதிட்டு வாங்க

“மேடம், எல்லாம் முடிஞ்சிட்டு. உங்க லெட்டர் ஒண்ணுதான் பாக்கி.”

அமலி மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எதுக்கு லெட்டர்?”

“ஹாலந்துக்கு மேடம். பிஎச்.டி.க்கு. ஸ்காலர்ஷிப்போட.”

கடிதம் கேட்டவர் இசக்கியப்பன். வயது முப்பத்தேழு. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், நிலவியல் துறையின் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவிக்கொண்டே பகுதி நேரமாகப் படித்து எம்.ஃபில். வாங்கியவர். அதற்கு வழிகாட்டியாக இருந்த அமலி அவரைவிட மூன்று வயது இளையவர். குருவுக்கு வயது எதற்கு? அவர் முன்னால் இசக்கியப்பன் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஆங்கிலத் தேர்வை இரண்டாம் முறையில் தாண்டிவிட்டார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. அந்த ஊர்ப் பேராசிரியர் ஒருவர் கணினியில் அரைமணி நேரம் பேசிப் பார்த்து, வாருங்கள் என்று தலையாட்டிவிட்டார். மனைவி சொர்ணம் ஸ்வெட்டர்கூட வாங்கி, சித்திரை வெயிலில் அதை அவருக்குப் போட்டும் பார்த்துவிட்டாள்.

உதவித்தொகைக்கு வயது வரம்பு முப்பத்தெட்டு. இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியை விட்டால் அவருக்கு வேறு வெள்ளிக்கிழமை கிடையாது. வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம் துறையின் தாளில், கையெழுத்தோடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

மேடம் பேனாவை மூடினார்.

“நீங்களே எழுதிட்டு வாங்க சார். கையெழுத்து போடுறேன்.”

இசக்கியப்பனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் கல்லூரிகளில் இதுதான் வழக்கம். யாரைப் புகழ வேண்டுமோ அவரே புகழ்ந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். பேராசிரியர் கீழே கையெழுத்துப் போடுவார். மாப்பிள்ளையே மேளமும் அடித்துக்கொள்கிற கல்யாணம். இதில் என்ன தப்பு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டிருப்பேன். என் கடிதத்தையும் நான்தான் எழுதினேன்.

மறுநாள் காலை கடிதம் வந்தது.

மேடம் படித்தார்.

“இவர் ரொம்ப நல்லவரா இருக்காரே.”

“நன்றி மேடம்.”

“பெண்கள் விடுதி மெஸ் கமிட்டியில செயலாளரா இருந்து, சாப்பாட்டுத் தரத்தை உயர்த்தியிருக்கார். நீங்க எப்ப சார் அங்க இருந்தீங்க?”

இசக்கியப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

துறையில் ஒரு பென்டிரைவ் உண்டு. எப்போதோ கனடா போன ஒரு பெண்ணின் கடிதம் அதில் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி, அந்த ஒரே கடிதத்தில் பதினோரு பேர் கடல் தாண்டிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் அவசரத்தில் மூன்றாவது பத்தியைப் பார்க்கவில்லை.

“மாத்திட்டு வாரேன் மேடம்.”

“பத்தியையா? ஆளையா?”

இசக்கியப்பன் தாளோடு ஆய்வகத்துக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல், யாருடைய கடிதத்தையும் பார்க்காமல், தானே உட்கார்ந்து எழுதினார். மூன்று மணிக்கு வந்து நின்றார்.

மேடம் வரிவரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

‘உவரி கடலோரத்தில் நாற்பத்திரண்டு கிணறுகளுக்கு, பன்னிரண்டு மாதமும் நேரில் போய்த் தண்ணீர் எடுத்து, உப்பின் அளவைக் கண்டறிந்தார்.’

“நவம்பர் மாசமுமா சார்?”

இசக்கியப்பன் தரையைப் பார்த்தார்.

ஆராய்ச்சியின் முதல் வருடம், நவம்பரில், மழை கொட்டியது. பாதை அறுந்துவிட்டது. ஒன்பது கிணறுகளுக்கு அவர் போகவில்லை. அட்டவணையில் ஒன்பது கட்டம் காலியாக இருந்தது. அக்டோபர் அளவையும் டிசம்பர் அளவையும் கூட்டி, இரண்டால் வகுத்து, கட்டங்களை நிரப்பிவிட்டார். மேடம் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். இவ்வளவு மழை பெய்த மாதத்தில் உப்பு குறையாமலா இருக்கும் என்று கேட்டார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடக் கணக்கு முழுவதையும் தூக்கிப் போடச் சொன்னார், அவ்வளவுதான்.

இசக்கியப்பன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இன்னொரு பன்னிரண்டு மாதம், மொபெட்டில், கேனும் கயிறுமாக. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

“அதான் திரும்பப் போனேன்லா மேடம். இதுல எழுதியிருக்கது அந்த வருஷம். பொய் ஒண்ணும் இல்லையே.”

“பொய் இல்ல. முதல் வருஷம் எங்க?”

“அதை எழுதுனா எவன் மேடம் சீட்டு குடுப்பான்?”

“தெரியாது.”

இசக்கியப்பனுக்குக் கோபம் வந்தது. மேடத்திடம் அவருக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

“எல்லாத்துக்கும் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்து போடுதாங்க. எனக்கு மட்டும் ஏன் மேடம் இத்தனை கேள்வி? நான் என்ன, கொலையா பண்ணிட்டேன்?”

மேடம் அந்தக் கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினார்.

“நீங்க கேக்குறதும் நியாயம்தான்.”

இழுப்பறையைத் திறந்தார். துறையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். அடியில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் முத்திரை குத்தினார். மேலே ஒரு வார்த்தைகூட இல்லை.

“நாளையிலேர்ந்து எனக்கு மதுரையில வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வருவேன். எந்த லிங்க்குல ஏத்தணும்னு ஆபீஸ்ல கோமதிகிட்ட சொல்லிட்டுப் போறேன். இதுல எழுதி அவங்ககிட்ட கொடுங்க. ஸ்கேன் பண்ணி அனுப்பிடுவாங்க.”

“நீங்க படிக்க வேண்டாமா மேடம்?”

“கணக்குப்படி எழுதப் போறதே நான்தானே. நான் எதுக்கு சார் படிக்கணும்?”

கரும்பு தின்னக் கூலியா என்று நினைத்துக்கொண்டு இசக்கியப்பன் வீட்டுக்குப் போனார். தான் ஜெயித்துவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலையில் ஆய்வகக் கணினி முன் உட்கார்ந்தார். தட்டெழுதி, அந்தத் தாளில் அச்செடுத்தால் போதும். பத்து நிமிட வேலை.

‘இசக்கியப்பனை நான் ஆறு ஆண்டுகளாக அறிவேன்.’

இது சரியாக வந்தது.

‘அவர் நேர்மையான ஆராய்ச்சியாளர் என்று நான் உறுதி கூறுகிறேன்.’

இதை அழித்தார். மறுபடி எழுதினார். மறுபடி அழித்தார்.

எத்தனை முறை எழுதினாலும் அதிலிருந்த ‘நான்’ அவர் இல்லை. நேற்றுவரை கேள்வி கேட்க ஓர் ஆள் எதிரே இருந்தார். மறைக்கலாம், வாதாடலாம், கோபப்படலாம். இப்போது அந்த ஆள் மதுரையில். இங்கே இருந்தது மேடத்தின் கையெழுத்து மட்டும். அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

வியாழக்கிழமை சொர்ணம் கேட்டாள்.

“கையெழுத்து வாங்கியாச்சுல்லா? பெறகு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?”

“எழுத வரல.”

“என்னத்த எழுத வரல? நல்ல மனுசன், நல்லா வேல செய்வாருன்னு எழுத வேண்டியதுதான?”

“அத நீ சொல்லலாம். நான் சொல்லலாம். மேடம் சொல்லணும்லா.”

“நல்ல கூத்துதான்.”

திட்டிக்கொண்டே, தாள் கசங்காமலிருக்க மகளின் வரைபடப் புத்தகத்துக்குள் அதை வைத்தாள். கூடவே ஸ்வெட்டரை எடுத்து ஒருமுறை உதறி மடித்தாள். இசக்கியப்பன் அதைப் பார்க்காதது போல இருந்தார்.

வெள்ளிக்கிழமை கோமதி மூன்று முறை கூப்பிட்டாள்.

“கொண்டாங்க சார், ரெண்டு நிமிசத்துல ஏத்திடுதேன். பெறகு நெட்டு படுத்துக்கிடும்.”

நாலு மணி தாண்டி மேடம் வந்தார். பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தார்; தோளில் பை தொங்கியது. அறை வாசலில் இசக்கியப்பன் நின்றார்.

“ஏத்தியாச்சா சார்?”

அவர் தாளை மேசைமேல் வைத்தார். கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

“எழுதலையா?”

“முடியல மேடம். அந்த ஒம்பது கிணத்த விட்டுட்டு எழுதுனா, நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிரும். சேத்து எழுத எனக்குத் தைரியம் இல்ல. கோழைதான் நான். என்ன செய்ய?”

“இன்னும் அரைமணி நேரம் இருக்கு.”

“வேண்டாம் மேடம். போகல. சொர்ணத்துகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். கொஞ்ச நாள் ஏசுவா.”

பதினாலு வருடம் குடுவை கழுவியவனுக்கு ஒரே ஒரு கதவு திறந்தது; அதையும் தன் கையாலேயே சாத்துகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. தாங்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேடம் தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். நிறுத்தாமல் எழுதினார். எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

ஆங்கிலத்தில் ஐந்தே வரி.

‘இவரை எனக்கு ஆறு ஆண்டுகளாகத் தெரியும். ஒருமுறை, தான் போகாத ஒன்பது கிணறுகளின் அளவை அட்டவணையில் இட்டு நிரப்பினார். நான் சொன்னதும் நாற்பத்திரண்டு கிணறுகளுக்கும் ஓராண்டு முழுக்க மறுபடி போனார். இந்த வாரம், என் கையெழுத்து மட்டும் இருந்த தாளோடு இவரை மூன்று நாள் தனியே விட்டேன். ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொண்டுவந்தார்.’

இசக்கியப்பன் இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

“இத அனுப்புனா சீட்டு கெடைக்குமா மேடம்?”

“தெரியாது.”

கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. மேடம் பேனாவை அவரிடம் நீட்டினார்.

“கையெழுத்துக்கு மேல இன்னும் நிறைய இடம் இருக்கு சார். ஏதாவது சேக்கணும்னா சேத்துக்கோங்க.”

இசக்கியப்பன் பேனாவை வாங்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கோமதியின் மேசைக்கு ஓடினார்.