அரசரை எழுப்ப ஆள் தேவை

கொற்றையூர் அரசருக்குத் தூங்காவர்மன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். மனிதர் யானை மேல் தூங்குவார். வழக்கு விசாரிக்கும்போது தூங்குவார். ஒருமுறை எதிரி படையோடு வந்து, இவர் எழட்டும் என்று காத்திருந்து, அலுத்துப்போய் ஊர் திரும்பிவிட்டான்.

காலையில் எழுப்ப முரசு இருந்தது. அடிப்பவன் ஆனையப்பன். ஒரு நாள் அரசர் நல்ல கனவில் இருந்தார். "முரசை நிறுத்து. அவனையும் நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். வேலை போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் அரண்மனைக் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும்.

எழுப்ப ஆள் இல்லாமல் நாடு என்ன ஆவது? அரசி நேர்காணல் வைக்கச் சொன்னார். விதிகளை எழுதியவர் அமைச்சர் பூவராகர். அரசரைத் தொடக் கூடாது. சத்தம் போடக் கூடாது. நேர்காணலில் பொய் பேசினால் சிறை.

அரசர் தூங்கினால் அமைச்சருக்கு லாபம். காரணம் வருகிறது, பொறுங்கள். அதனால் தன் மைத்துனன் செவ்வந்தியப்பனைத் தயார் செய்தார். அரசரின் புகழ் பாடும் நானூறு அடிகள். மூன்று நாள் இரவு பகலாக மனப்பாடம். அவன் பாடினால் தொட்டிலில் அழும் குழந்தை தூங்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும்.

ஆனையப்பனோ மூன்று நாளாக அரண்மனைச் சமையற்கட்டிலேயே கிடந்தான்.

"நேர்காணலுக்குத் தயார் ஆகவில்லையா?" என்றாள் மனைவி தங்கப்பூ.

"படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

"வாயில் என்ன?"

"பாடம்."

"பாடத்தில் நெய் வாசம் வருகிறதே. வெள்ளிக்கிழமை சட்டி பானையை நீங்கள்தான் சுமக்க வேண்டும்."

வியாழக்கிழமை நேர்காணல். சிறைக்குப் பயந்து வேறு யாரும் வரவில்லை. அரசர் அரியணையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அரசி பக்கத்தில் விழித்திருந்தார்.

செவ்வந்தியப்பன் ஆரம்பித்தான். பன்னிரண்டாம் அடியில் குறட்டை இரட்டிப்பானது. முப்பதாம் அடியில் காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பதில் அவனே தூங்கிவிட்டான்.

"என்ன இனிமையான குரல். வேலையை இவனுக்கே கொடுத்துவிடலாம்" என்றார் அமைச்சர்.

"இன்னொருவன் இருக்கிறானே" என்றார் அரசி.

அமைச்சர் ஆனையப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டு உண்டா?"

"இல்லை ஐயா."

"பின்னே யாரை நம்பி வந்தாய்?"

"உங்களை நம்பித்தான். ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேள். மெதுவாகக் கேள்."

"அரசருக்கு வரும் பலகாரத் தட்டு சமையற்கட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அதுதானே வழக்கம்?"

"ஆமாம்."

"தட்டு வரும்போது அரசர் தூங்கிக்கொண்டிருந்தால்?"

அமைச்சர் இருமினார். "மூத்த அமைச்சருக்கு."

"இன்று காலை இருபது அதிரசம் வந்தது. அரசர் எத்தனை சாப்பிட்டார்?"

"அது எதற்கு உனக்கு?"

"நேர்காணலில் பொய் பேசினால் சிறை. யார் பேசினால் என்று விதியில் இல்லை, ஐயா."

அரசி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார்.

"ஒன்றும் சாப்பிடவில்லை."

குறட்டை நின்றது.

"நேற்றுச் சீடை?"

"அதுவும்தான்."

அரசரின் ஒரு கண் திறந்தது.

"முந்தாநாள் நெய்யப்பம்?"

"அது ஆறிப்போகுமே என்று…"

அரசர் எழுந்தே நின்றுவிட்டார். "நெய்யப்பம் செய்தார்களா? எனக்குச் சொல்லவே இல்லையே. என்னை எழுப்பியது யார்?"

"அமைச்சர்தான், அரசே. நான் சந்தேகம் கேட்டேன், அவ்வளவுதான்."

"வேலை உனக்கு. பூவராகரைச் சிறையில் போடுங்கள்."

"வேண்டாம் அரசே. அவர் எனக்கு வேண்டும். விடிந்ததும் தட்டை அவர் கையில் கொடுத்து உங்கள் கட்டிலருகே நிறுத்துங்கள். நீங்கள் தானாக எழுந்துவிடுவீர்கள்."

அரசர் யோசித்தார். தூக்கம் கலைந்தால் மனிதருக்கு மூளை வேலை செய்யும்.

"அவர் நின்றாலே நான் எழுந்துவிடுவேன் என்றால், நீ எதற்கு?"

"அவர் கடிப்பதற்குள் தட்டைப் பிடுங்க ஆள் வேண்டாமா?"

அரசர் சிரித்த சிரிப்பில் காவலர்கள் எழுந்தார்கள். செவ்வந்தியப்பனும் எழுந்து நாற்பத்தோராம் அடியைத் தொடங்கினான்.

அரசர் மறுபடி தூங்கிவிட்டார்.