மைனா சுமந்து வந்த ஓசை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, மைனாவுக்கென்று சொந்தக் குரல் கிடையாது. அதைப் பற்றி அது கவலைப்பட்டதும் கிடையாது. ஊரிலுள்ள எல்லாக் குரலும் தன்னுடையதுதான் என்று அதற்கு நினைப்பு.

அது இருந்தது பாபிலோனில், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட யூதர்களின் குடிசைகளுக்கு நடுவில். கால்வாய் வெட்டுகிற இடத்தில் மேஸ்திரியின் குரலில், "போதும், சாப்பிடப் போங்க" என்னும். ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறுவார்கள். மேஸ்திரி பல்லைக் கடிப்பான்.

ஒருநாள் தண்டோராக்காரனைப் போலவே தொண்டையைச் செருமி, "யூதர்களே, நீங்கள் ஊர் திரும்பலாம்" என்றது. மத்தனியா என்ற கிழவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார். பொய் என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இளவயதில் எருசலேம் ஆலயத்தில் பாடியவர் அவர். அது எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். தம் ஜனத்தைத் திரும்பக் கூட்டிப்போவேன் என்று கடவுள் சொன்ன சொல் ஒன்றைத்தான் ஐம்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சில மாதம் கழித்து நிஜத் தண்டோராக்காரன் வந்து, ராஜாவின் உத்தரவு என்று அதையே சொன்னபோது, மத்தனியா கூரையைப் பார்த்து, "வாயை மூடுடா" என்றார்.

"நான் இங்கே இருக்கேன் பெரியவரே. வாயில வெள்ளரிப்பிஞ்சு" என்றது மைனா, அவர் காலடியிலிருந்து.

ஊரே கிளம்பியது. கிழவருக்குத்தான் கால் எழவில்லை. மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வழி. அவர் மைனாவைக் கூப்பிட்டார்.

"அவங்களோட போ. ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடுற அன்னிக்கு என்ன சத்தம் கேட்குதோ, அதை அப்படியே கொண்டு வா. கடவுள் சொன்னதைச் செஞ்சாரான்னு தெரியாம நான் சாகக் கூடாது. உன் சரக்கு எதையும் கலந்துடாதே."

மைனா போயிற்று. இடிந்த நகரத்தில் புல் முளைத்த கற்களைப் புரட்டி, பழைய இடத்திலேயே அஸ்திவாரம் போட்டார்கள். ஆலயத்து ஆசாரியர்கள் எக்காளம் ஊத, கடவுளின் இரக்கம் மாறவில்லை என்று ஜனங்கள் பாடினார்கள். இளவட்டங்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள். முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த கிழடுகள் ஓவென்று அழுதார்கள். அழுகையும் ஆர்ப்பரிப்பும் கலந்து ஒரே ஓசையாகத் தூரம்வரை போயிற்று.

அழுகையை எடுத்துவிட்டுச் சந்தோஷத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் கிழவர் மனம் குளிர்ந்துபோவார் என்று மைனா நினைத்தது. வழியெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வந்தது.

திரும்பி வந்தபோது மத்தனியா பாயோடு பாயாகக் கிடந்தார். மைனா தலைமாட்டில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, அத்தனையையும் கொட்டியது.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். மைனாவுக்குப் பயமாகிவிட்டது.

"அழுகை கலந்துபோச்சு பெரியவரே. பிரிக்கப் பார்த்தேன், முடியல."

"பிரிக்காதே" என்றார் அவர். "வெறும் சிரிப்பைக் கொண்டுவந்திருந்தா உன் சேட்டைன்னு நெனச்சிருப்பேன். அதுல மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுறான் பாரு, அவன் எங்கூடப் பாடின யெதூத்தூன். பழசைப் பார்த்தவன் அப்படி அழுறான்னா, அதே இடத்துலதாண்டா கட்டுறாங்க." அவர் கண்ணோரம் நனைந்தது. "சொன்ன சொல்லை மறக்கல அவர். இன்னொரு தரம் பாடு."

மைனா பாடியது. மத்தனியா இருந்த இடத்திலிருந்தே, அரைக்குரலில், தன் பங்கைச் சேர்த்துப் பாடினார். பாட்டு முடியுமுன் தூங்கிப்போனார். பிறகு எழவில்லை.

வேறு குரல் எதையும் எடுக்க மைனாவுக்கு அன்று மனசு வரவில்லை. அந்த ஓசையே அதன் தொண்டையில் தங்கிவிட்டது. அன்று முதல்தான் மைனா யாரைப் போல வேண்டுமானாலும் பேசினாலும், தன் சொந்தக் குரலில் கூவும்போது அழுவது போலவும் சிரிப்பது போலவும் ஒருசேரக் கேட்கிறது.